"என்ன ஆளுங்க?" என்று கேட்ட டாக்டரம்மா

ரெபேக்கா டாக்டரம்மா இறந்துவிட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... கடைசியில் கஷ்டப்படவில்லையாம்.

ஆபரேஷன் செய்த சர்ஜன் பெயரை எல்லோரும் ஞாபகம் வைத்திருப்போம். மயக்க மருந்து கொடுத்த டாக்டரின் பெயரை யார் கேட்கிறோம்?

எனக்கு மட்டும் மறக்கவே மறக்காது. ஏனென்றால் அவர் என் அப்பாவிடம் போய் ஜாதி கேட்டார்!

தொண்ணூறுகளில் நடந்தது. நான் காலேஜ் கடைசி வருஷம்... குடல்வால் வீங்கி, போத்தனூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன். சீக்கிரம் எடுக்காவிட்டால் உள்ளேயே வெடித்துவிடும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் ரெபேக்கா டாக்டரம்மா வந்தார். "ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க என்ன ஆளுங்க?"

அப்பா சைக்கிள் கடைக்காரர். கறுப்புச் சட்டைக்காரரும்கூட. என் ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஜாதி போடக் கூடாது என்று ஹெட்மாஸ்டரோடு மல்லுக்கட்டியவர். ஜாதிச் சங்கத்துக்காரர்கள் கல்யாண மண்டபம் கட்ட வசூலுக்கு வந்தபோது, வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

"இங்கயுமா ஜாதி? மனுசன்னு எழுதிக்குங்க!" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள்... வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு வலி ஒரு பக்கம், மானம் போவது ஒரு பக்கம்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. சிரித்தார். "அய்யோ, நான் சம்பந்தம் பேச வரலீங்க சார்."

"ஒடம்பு தளர்றதுக்கு ஒரு ஊசி போடுவோமுங்க. கொஞ்ச நேரத்துல ரத்தமே அதைக் கரைச்சுரும். சில பேருக்குப் பொறப்புலயே அதைக் கரைக்கிற சத்து இருக்காதுங்க. மணிக்கணக்கா மூச்சு வராது. தெலுங்கு பேசற சில யாவாரக் குடும்பங்கள்ல இது ஜாஸ்தி. உங்க பேச்சுல தெலுங்கு வாடை அடிச்சுதுங்க... அதான் கேட்டேன்."

அப்பா அசையவில்லை. "நான் ஜாதியை உட்டு ரொம்ப வருசமாச்சுங்க."

"நீங்க உட்டுட்டீங்க சார். உங்க ரத்தம் உடணுமே."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா கேள்வியை மாற்றினார்.

"சரிங்க, ஜாதி வேண்டாம். ஊட்ல யாருக்காச்சும் ஆபரேஷன் முடிஞ்சு மூச்சு வர லேட்டாச்சுங்களா?"

அப்பாவின் முகம் மாறிப்போனது. ஈரோட்டில் அவருடைய அக்காவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, சாயங்காலம் வரைக்கும் ஆள் மாற்றி ஆள் காற்றுப் பையை அமுக்கித்தான் மூச்சுக் கொடுத்தார்கள். பிழைத்தது முருகன் புண்ணியம் என்று குடும்பமே பழனிக்குப் போய் மொட்டை போட்டது. அப்பா மட்டும் போகாமல், அத்தனை மொட்டையையும் கிண்டல் செய்தார்.

"அந்த அக்கா இந்தப் பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?"

"அத்தைங்க." கொஞ்சம் பொறுத்து, சன்னமாக, "அம்மாவோட அம்மாவுமுங்க..."

ஆமாம். ஜாதியை விட்ட என் அப்பா கட்டியிருப்பது சொந்த அக்கா மகளை! கறுப்புச் சட்டை போடுவதற்கு முன்பே கட்டி வைத்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் சாக்கு சொல்வார்.

"ரெண்டு பக்கமும் வருதுங்களே சார்!" டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

அப்பா ஜாதிப் பெயரைச் சொன்னார். அவர் வாயால் அதை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அந்த ஊசியை எனக்குப் போடவே இல்லை. முதுகில் மரத்துப்போக ஒன்று போட்டுவிட்டு, "வலிக்குதா அம்மணி?" என்று கேட்டுக் கேட்டு, தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் என் ரத்தம் மெட்ராஸ் போய் ரிசல்ட் வந்தது. அவர் சந்தேகப்பட்டது சரி. "நோயெல்லாம் இல்லை கண்ணு. ஒரே ஒரு மருந்து உனக்கு ஆகாது, அவ்வளவுதான்" என்றார். பெரிய நிம்மதி.

அடுத்து வந்த ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அப்பாவே கிளம்பினார். அதே சங்கத்து மண்டபம்தான். மேடை ஏறி மைக்கை வாங்கி, "நம்ம ஆளுங்க ஊட்ல யாருக்கு ஆபரேஷன்னாலும், மயக்க டாக்டர்கிட்ட மொதல்ல ஜாதியைச் சொல்லிப்போடுங்க!" என்றார்.

"நம்ம ஆளுங்க"... அதுவும் அப்பா! அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பல வருஷம் கழித்து, போத்தனூர் ஸ்டேஷனில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகியிருந்தார். மடியில் ஒரு பை கொய்யாப்பழம்.

"இப்பெல்லாம் எச்சில் குடுத்தாப் போதுமாம் கண்ணு. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கும்னு ஜீனைப் பார்த்தே சொல்லிப்போடறாங்களாம். நல்லதாப் போச்சு" என்றவர், கொய்யாவைக் கடித்துக்கொண்டே, "எங்கப்பா பண்ணையத்துல கூலிக்குப் போனவரு. ஜாதி கேட்டுக் கேட்டே எங்களை வாசல்ல நிறுத்துனாங்க. அந்த ஊட்டுப் பொண்ணு நான், பார்க்கற ஆளையெல்லாம் ஜாதி கேட்டுத் திட்டு வாங்குனேன் பாரு!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இன்று மதியம் அடக்கத்துக்கு மதுக்கரைக்குப் போனோம். அப்பாவால் இப்போது நாலடி நடக்க முடியாது. "நானும் வாரேன்" என்று அடம்பிடித்து வந்தார்.

கல்லறைத் தோட்டத்துக் கேட்டருகே சர்ச்சுப் பெரியவர் ஒருவர் அப்பாவுக்கு நாற்காலி போட்டுவிட்டு, "டாக்டரம்மாவுக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

"சொந்தமுங்க" என்றார் அப்பா.

நல்லபடியாகப் போய் வாருங்கள், டாக்டரம்மா...