வேலியில் இரண்டு தம்பட்டை

வாலாஜாபாத் பக்கத்துக் கல்குவாரியை விட்டு மாடசாமியும் நானும் நடந்து வந்துகொண்டிருந்தோம். 1991ஆம் வருஷம். குவாரியில் வேலை நின்றுவிட்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் வருகின்றன, போனால் ஏதாவது கிடைக்கும் என்றார்கள். முந்தின நாளிலிருந்து சாப்பாடு இல்லை. பிள்ளைப்பாக்கத்தை நெருங்கும்போது ஒரு வேலியைப் பார்த்து நின்றுவிட்டோம். சாலையோரம் முழுக்க அவரை இனத்துத் தம்பட்டங்காய் தொங்கியது, யாரும் பறிக்காமல். தென்காசிப் பக்கமிருந்து இதை வாசிப்பவர்களுக்கு அதன் விநோதம் புரியும். நம் ஊரில் சாலையோரத்துக் காய் ஒரு பொழுது தங்காது.

நம் ஊரில் தம்பட்டை என்றால் ஒன்றுதான். ஒரு தடவை ஊன்றினால் வருஷக்கணக்கில் நிற்கும். வெட்டினாலும் தூரிலிருந்து தழைக்கும். கொடி நல்லதா என்று அங்கே யாரும் இலையைத் திருப்பிப் பார்த்ததில்லை. யார் வீட்டு வேலி என்று பார்ப்பதோடு சரி. அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் வடக்கே வந்திருந்தோம்.

"எலே, காய் குட்டையா இருக்கே" என்றேன்.

"வறண்ட மண்ணுல்லா, பெறவு எப்படி நீளும்?" என்றான் மாடசாமி.

பனைமரத்தடியில் கல் கூட்டி, தகர டப்பாவில் வேகவைத்தோம். நான் தண்ணீர் கொண்டுவரப் போய்த் திரும்புவதற்குள் அவன் பாதிக்கு மேல் தின்றிருந்தான். அப்போது வேலிக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். என் வயதுதான் இருக்கும். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது.

"யோவ், இன்னாத்த துன்றீங்க? கீழ போடு!"

டப்பாவைக் காலால் எட்டி உதைத்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு காய்க்கா இந்தப் பாடு? நாங்க என்ன களவாணிப் பயலுவளா?"

"ஆமா, திருட வந்த மூஞ்சப் பாரு. ஆடுகூட தொடாதுய்யா அத்த!"

பொழுது சாயுமுன் மாடசாமி சுருண்டுவிட்டான். வாந்தி நிற்கவில்லை. கண் செருகியது. பிழைக்கமாட்டான் என்றே நினைத்தேன். கன்னியம்மா அவனைத் தன் வீட்டு வாசலில் படுக்கவைத்து, உப்பு போட்ட கஞ்சித்தண்ணீரை விடாமல் புகட்டினாள். நடுவில் இரண்டு இலைகளை என் மடியில் எறிந்தாள். "இத்த தடவிப் பாரு. அத்தயும் தடவு."

ஒன்றின் அடிப்புறம் வழவழவென்றிருந்தது. மற்றது பூனை முதுகு போல மெத்தென்றிருந்தது. அதுதான் மாடசாமி தின்ற காட்டுத் தம்பட்டை. அதன் விதையில் கறுப்புத் திட்டு இருக்கும், நல்லதன் விதை ஒரே சிவப்பு. பூவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் அதே வேலியில் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறியிருந்தன.

காலையில் மாடசாமி எழுந்து உட்கார்ந்தான். "காயக்கூடத் தெரியாத ஊர்ல நமக்கு என்னலே சோலி?" என்றான். தெற்கே போகும் லாரி ஒன்றில் ஏறிக்கொண்டான். எனக்கு அங்கே போய்ச் சேர வீடு கிடையாது. நின்றுவிட்டேன்.

லாரி போன கொஞ்ச நேரத்தில் ஒரு மேஸ்திரி ஆள் தேடி வந்தார். கன்னியம்மாவின் நிலம் கம்பெனிக்கு விற்றாகிவிட்டதாம். வேலியை எடுத்துவிட்டுக் காம்பவுண்டு சுவர் கட்டவேண்டும். என் கையில் அரிவாள் வந்தது.

"நல்ல கொடிய மட்டும் கடசீல வெட்டுய்யா. காய் கொஞ்சம் கீது" என்றாள் கன்னியம்மா.

"கொடில இன்னாம்மா நல்லது கெட்டது? யோவ், சும்மா வெட்டிக்கினே போய்யா" என்றார் மேஸ்திரி.

மெத்தென்ற இலையாகத் தேடி வெட்டினேன். வெட்டிய கொடியை இழுத்தால் நல்லதும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது. அவள் பின்னாலேயே வந்து, விழுந்ததிலிருந்து காயைப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். இப்போது எனக்கு இரண்டும் தெரியும். தெரிந்து செய்ய அங்கே ஒன்றுமில்லை. மதியத்துக்குள் வேலி தரையில் கிடந்தது. வேரைத் தோண்டச் சொல்லவில்லை, அதனால் தோண்டவில்லை.