பாட்டு நிற்கிற இடம்

சந்தேகப்படுவது என் தொழில். கேலிக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்தவள் நான். முட்டை வந்து இறங்கினால் எண்ண வேண்டும், வெந்த பிறகு எண்ண வேண்டும், பிள்ளைகள் தின்ற பிறகு முட்டை ஓட்டையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பருப்பு மூட்டையை யார் தூக்கினார்கள், எந்தக் கதவு வழியாகத் தூக்கினார்கள் என்று கவனிக்காமல் ஒரு நாள் போனதில்லை. வேலைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள், சரி. இந்தக் கண்ணுக்கு யார் ஓய்வு கொடுப்பது? மகள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். பார்வை முழுவதும் அவர் மேல் விழுந்தது.

அவர் தக்காளி மண்டியில் ஏலம் கூவியவர். வியாபாரிகளின் பேச்சு, லாரி ஹாரன், பெட்டி இறக்குகிற சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல் கேட்கும். "உங்க வூட்டுக்காரரு மொரப்பூர்ல தும்முனா தொப்பூர் கணவாய்ல லாரிக்காரன் பிரேக் போடுவான்" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி பேசுவாள். பிறகு மண்டி கை மாறியது. புது முதலாளியின் மகன் மைக் வாங்கி வந்து தானே ஏலம் விட ஆரம்பித்தான். இவரைப் போ என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் அன்றைக்கு வாயை மூடியவர்தான்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. சோறு போடவா என்றால் தலையாட்டல். போதுமா என்றால் அதற்கும் அதே தலையாட்டல். ஆமாம் எது, இல்லை எது என்று நானாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். சண்டையாவது போடட்டும் என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுப்பேன். எழுந்து மாமரத்துப் பக்கம் போய்விடுவார். ஒரு மனுஷி எத்தனை நாள்தான் சுவரோடு பேசுவாள்? அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். இந்த மனுஷன் இனி என்னிடம் பேசவே மாட்டாரோ என்ற பயம் எனக்கு உண்மையாகவே வந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் குளியலறைக்குள் சத்தம் போட ஆரம்பித்தால் சந்தேகம் வருமா, வராதா?

பாட்டாக இருந்தால் விட்டிருப்பேன். இது பாட்டே இல்லை. அடித்தொண்டையில் ஒரே சத்தம், நகராமல் அதே இடத்தில் நிற்கும். பிறகு கொஞ்சம் கீழே இறங்கி அங்கே நிற்கும். பிறகு பேச்சு மூச்சு இருக்காது. கதவில் காதை வைத்தால் "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று முணுமுணுப்பு. திடீரென்று ஒரு கத்தல். மறுபடி ஒண்ணு, ரெண்டு. முடிகிற நேரத்தில் ஒரே சொல்லை வெட்டி வெட்டி, வேகவேகமாகச் சொல்லிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்துவார். குழாய் சொட்டுவது மட்டும் கேட்கும். அந்த நிறுத்தம்தான் எனக்குத் தாங்காது. உள்ளே விழுந்து கிடக்கிறாரோ, என்ன செய்கிறாரோ!

"உள்ள என்னாங்க பண்றீங்க? வெளிய வாங்க!" என்று கதவைத் தட்டிக் கத்துவேன். அதற்குப் பதில் சொல்வதுபோல் நீளமாக ஒரு முழக்கம் கிளம்பி, மெதுவாக வந்து முடியும். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காதவர் மாதிரி வெளியே வருவார். தினமும் இதே கூத்து. அவர் நிறுத்துவார், நான் கத்துவேன், அவர் முழங்குவார்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "காத்து கருப்பு அண்டியிருக்குமுங்க அக்கா. வத்தல்மலைப் பக்கம் ஒரு பூசாரி இருக்காரு, கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுட்டு வந்துருங்க."

"பேய்க்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியுமா? போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்று அனுப்பிவிட்டேன்.

ஆனால் அவர் வெட்டி வெட்டிச் சொல்கிற அந்தச் சொல் என்னை விடவில்லை. கதவோடு ஒட்டிக்கொண்டு கேட்டதில் ஒருநாள் பிடிபட்டது. அல்லேலூயா! தேவாலயத்து ஒலிபெருக்கியில் கேட்கிற துதிச் சொல். தூக்கிவாரிப் போட்டது. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆனால் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தருமபுரி பஸ் ஏறுகிறாரே, அது இதற்குத்தானா? துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அதிமதுரத் துண்டும் புதினா மிட்டாய்க் காகிதமும் கிடக்கிறதே, அது எதற்கு?

"எங்கங்க போறீங்க?"

"தருமபுரி."

"எதுக்கு?"

"வேல."

என்ன வேலை என்று கேட்டால் தலையாட்டல். சாமியை மாற்றிக்கொள்வது அவர் இஷ்டம். இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எனக்கு அதுதான் எரிந்தது.

அப்புறம் அந்தக் கைபேசி. அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போன சமயம் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்து விழுந்தது. அழுத்தினேன். ஒரு பெண் குரல்: "அண்ணா, அந்த நீளமான எடத்துல பக்கத்துல நிக்கறவங்க மூச்சு விடும்போது நீங்க விடாதீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா மூச்சு விட்டா மாட்டிக்குவோம்."

அடக் கடவுளே! நல்ல மனுஷிதான் இந்தச் செய்தியை அனுப்புவாளா? இரண்டு பேர் சேர்ந்து மூச்சு விடுகிற இடம் எது, மாட்டிக்கொள்வது யாரிடம்? மகளுக்குப் போன் போட்டேன். "அப்பாகிட்டயே கேளும்மா" என்று சிரித்தாள். கேட்டால் வருகிற பதில்தான் எனக்குத் தெரியுமே! மதமோ பொம்பளையோ, எதுவாக இருந்தாலும் அன்று நெஞ்சில் குத்தியது ஒன்றுதான். இவர் வாய் எங்கேயோ திறக்கிறது. என்னிடம் மட்டும்தான் மூடியிருக்கிறது.

டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் பின்னாலேயே கிளம்பிவிட்டேன். அவர் பஸ்ஸில் முன்வாசல் வழியாக ஏறினார், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்வாசலில் ஏறினேன். தருமபுரியில் இறங்கி, கடைவீதி தாண்டி, ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார். அங்கே கூட்டம். கலர் விளக்கு. வாசலில் நின்ற பெண் "வாங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள். முன்பின் தெரியாதவளை எதற்கு இப்படிச் சிரித்துக் கூப்பிட வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்த் தூண் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

திரை விலகினால் மேடையில் வரிசை வரிசையாக ஆண்களும் பெண்களும். பின்வரிசைக் கடைசியில் என் வீட்டுக்காரர். அவர்களுக்கு எதிரே, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, கதர்ப் புடவையில் பாட்டை நடத்துகிற ஒரு அம்மா. திரும்பி நின்று வணக்கம் சொன்னதுமே குரல் தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்காரி! நன்றாகப் பார்த்தேன். நரைத்த கொண்டை, மூக்குக்கண்ணாடி, என்னைவிட வயது கூடத்தான் இருக்கும். இருந்தால் என்ன, சந்தேகம் வயதா பார்க்கும்?

முதல் பாட்டுக்கு அந்த அம்மா கதை சொன்னார். வெளிநாட்டில் நாடகம் முழுவதையும் பாட்டாகவே பாடுவார்களாம். அடிமைகளாகப் பிடிபட்டுப் போன ஜனங்கள் சொந்த ஊரை நினைத்துக் கூட்டமாகப் பாடுகிறார்களாம். இரண்டாவது, வீட்டுக்காரன் வருவான் என்று ஒருத்தி விடிய விடியக் காத்திருக்கிற கட்டம். வார்த்தையே கிடையாது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு பாடுவார்கள் என்றார். வாயை மூடுவதற்கு இவருக்குச் சொல்லித்தரவா வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த முனகல் எழுந்தபோது நாற்காலி நுனிக்கு நகர்ந்து காதைக் கொடுத்தேன். காத்திருக்கிறவள் கதை எனக்குத் தெரியாதா என்ன.

மூன்றாவது பாட்டுக்குக் கீபோர்டு ஆரம்பித்ததும் மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. திக்கென்றது. கூட்டத்தோடு கூட்டமாக என்னையும் எதிலாவது சேர்த்துவிடுகிறார்களா? பக்கத்து நாற்காலிக்காரம்மா என் முழியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தப் பாட்டுக்கு எழுந்து நிக்கறது வழக்கமுங்க. எந்தக் காலத்துலயோ வெள்ளக்கார ராசா ஒருத்தரு இதக் கேட்டு எழுந்து நின்னாராம்." ராசாவுக்காக நான் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தால் இவர் தெரிய மாட்டார், அதனால் எழுந்தேன்.

பாட ஆரம்பித்தார்கள். அந்தச் சொல்! பெண்கள் மேலே பாட, கீழே ஆண்கள் குரல் நகராமல் ஒரே இடத்தில் நின்றது. எனக்குத் தெரிந்த இடம். இதோ இறங்கும் என்று நினைத்தேன், இறங்கியது. இப்போது எண்ணுவார்கள் என்று நினைத்தேன், ஆண்கள் சும்மா நின்றார்கள், பெண்கள் பாடினார்கள். அட, இதுவா அது! குளியலறையில் தனியாக உளறல் மாதிரி கேட்டது, இங்கே மற்றக் குரல்களோடு சேர்ந்ததும் சோற்றோடு குழம்பு சேர்ந்ததுபோல் ஆகிவிட்டது.

ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். ஒரே நிமிஷம்தான். அதற்குள் சத்துணவுக் கண் விழித்துக்கொண்டது. இத்தனை குரலில் இவர் குரல் எங்கே? மண்டியையே அடக்கிய குரல் அது. எனக்குக் கேட்காமல் போகுமா? வாய் அசைகிறது. ஆனால் கூவும்போது இவருக்குக் கழுத்தின் இடப்பக்கம் நரம்பு கயிறுபோல் புடைக்கும். அது புடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் வாயை மட்டும் அசைத்து ஏமாற்றுகிற பிள்ளைகளை எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன் நான்! இவர் பாடவில்லை. சத்தியமாகப் பாடவில்லை.

அந்த அம்மாவின் இடது கையைக் கவனித்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்து, பின்வரிசைப் பக்கமாக அடிக்கடி அமுக்கினார். அமுக்கும்போதெல்லாம் இவர் தோள் குறுகியது. எனக்கு ரத்தம் கொதித்தது. மண்டியில்தான் வாயை அடைத்தார்கள் என்றால் இங்கேயுமா? தினமும் காலையில் தண்ணீர் ஆற ஆறப் பாடினாரே அந்த மனுஷன், ஒரு இடம் தப்பாமல் எல்லாம் தெரியுமே அவருக்கு!

பாட்டு முடிவுக்கு வந்தது. அதே சொல், வெட்டி வெட்டி, வேகவேகமாக. சட்டென்று எல்லாரும் நிறுத்தினார்கள். கீபோர்டும் நின்றது. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை.

"என்னாங்க பண்றீங்க? வெளிய வாங்க!"

என் குரல்தான். நினைத்துச் செய்யவில்லை. அந்த இடம் வந்தால் என் வாய் திறந்து பழகிவிட்டது. கோபமும் சேர்ந்துகொண்டதில் நன்றாகவே திறந்துவிட்டது. அத்தனை தலையும் திரும்பியது. மேடையிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

முழங்கினார். அடியிலிருந்து வந்த அந்தக் குரல் மேல் மற்றக் குரல்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொண்டன. முன் நாற்காலிக் கம்பியைப் பிடித்திருந்தேன், கைக்குள் கம்பி அதிர்ந்தது. முடிந்ததும் கைதட்டல். நான் முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டேன்.

அந்த அம்மா நேராக என்னிடம் வந்தார். நானே முந்திக்கொண்டேன். "எங்க வூட்டுக்காரரு வாய எதுக்குங்க கட்டிப்புட்டீங்க?"

அவர் விழித்தார். "நானா? அண்ணா குரலு தனியாக் கேக்குது, கோரஸ்ல ஒருத்தர் குரல் தனியாத் தெரியக் கூடாது, கொஞ்சம் கொறைங்கன்னுதாங்க்கா சொன்னேன். பாடாதீங்கன்னு சொல்லலியே!"

பின்னால் வந்து நின்ற என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏலத்துல கொறைச்சுக் கூவுனா பொழப்பு நடக்காதுங்க. எவ்ளோ கொறைக்கறதுன்னு எனக்குப் புரியல. முழுசா நிறுத்திப்புட்டேன்."

ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அது. அந்த அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "கடைசி எடத்துல மட்டும் கொறைக்கவே வேண்டாங்கண்ணா. இன்னைக்கு மாதிரியே பாடுங்க" என்றார். மூச்சு விஷயத்தையும் நான் விடவில்லை, கேட்டேன். நீளமாக இழுக்கிற இடத்தில் ஆளுக்கொரு நேரம் மூச்சு விட்டால்தான் பாட்டு அறுபடுவது கேட்கிறவர்களுக்குத் தெரியாதாம். ஒன்றாக விட்டால் மாட்டிக்கொள்வார்களாம். சரி, நம்புகிற மாதிரித்தான் இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். நான் கேட்கக் கேட்கத் துண்டு துண்டாகச் சொன்னார்: அந்த அம்மா முன்பு மண்டிக்குத் தக்காளி வாங்க வந்தபோது இவர் கூவியதைக் கேட்டிருக்கிறார். பிறகு பஸ் ஸ்டாண்டில் பார்த்து, கீழ்க்குரலுக்கு ஆள் இல்லை, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சிரிப்பே."

"சிரிச்சிருப்பேன். அதுக்கென்னா இப்ப?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்காக மனுஷன் வாயாடி ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். தலையாட்டல் இன்னும் இருக்கிறது. செவ்வாய், வெள்ளி தருமபுரி போகிறார். சட்டைப் பையை நான் இன்னும் பார்க்கிறேன், பழக்கம் விடுமா? காலையில் குளியலறைக் கச்சேரியும் நடக்கிறது.

போன வாரம் ஒரு யோசனை வந்தது. இந்த மனுஷன் பாட்டுக்குத்தான் நிறுத்துகிறாரா, எனக்காக நிறுத்துகிறாரா? சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று கரண்டியும் கையுமாகக் கதவுக்கு வெளியே நின்றேன். அதே சொல் வேகவேகமாக வந்தது. நின்றது. நான் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டேன். குழாய் சொட்டியது. உள்ளே முழக்கம் வரவில்லை. இன்னும் சொட்டியது. அடுப்பில் தோசை கருகுகிற வாசனை வந்தது, நான் அசையவில்லை.

"இந்தா..." என்றது உள்ளே இருந்து குரல். ஏலக்குரல் இல்லை, பாட்டுக்குரலும் இல்லை. "இருக்கியா?"

"எங்க போவப் போறேன்? வெளிய வாங்க!" என்று கத்தினேன். கதவுக்கு அந்தப் பக்கம் முழக்கம் கிளம்பியது.