தேர்தலுக்காக அழுத கணவரும் எனக்குக் கிடைத்த தடையுத்தரவும்

சகோதரிகளே, இலங்கை மன்னாரில் பிறந்து மும்பை தாராவிக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். சென்ற லெந்துத் தவக்காலத் தொடக்கத்தில், நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்தது. வீசா நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போடவேண்டிய கணவர், “இவள் என்னோடு வாழவில்லை” என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

வாழ்ந்தேன். பெல்ட் அடி வாங்கிக்கொண்டு வாழ்ந்தேன். தாங்க முடியாமல்தான் மகளுடன் செம்பூரில் தோழி வீட்டுக்குப் போனேன். மகள் இந்தியப் பிரஜை. கணவர் போனில் சிரித்தார்: “நீ பிளேன் ஏறு. பிள்ள இங்ஙன கெடக்கட்டும்.”

மாஹிமில் வக்கீலாக இருக்கும் காயல்பட்டினத்துப் பெண் ரஹ்மா என் வழக்கை எடுத்தார். “அடிச்சதுக்குச் சாட்சி வேணும் அக்கா” என்றார். அண்டைவீட்டாரைக் கேட்டேன். என் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் கறியா மீனா என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். என் அலறல் மட்டும் கேட்கவில்லையாம். சபை மூப்பரோ, “குடும்ப மானத்தக் கோர்ட்டுல காயப் போடாதம்மா. அதுவும் வேத்து மதத்து வக்கீல்ட்டயா?” என்றார்.

“ஆண்டவரே, ஒருவரையாவது பேசவையும்” என்று அழுது ஜெபித்தேன்.

அப்போது என் கணவர் சபைக் கமிட்டித் தேர்தலில் நின்றிருந்தார். “வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை நடத்துவானா?” என்று எதிரணி கேட்டது. அதற்கு அவர் கண்ட மருந்து பாவ அறிக்கை. ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்தார்.

“பெல்ட்டால அடிச்சேன். பாஸ்போர்ட்ட ஒளிச்சு வச்சேன். வீசாவுக்குப் பொய் எழுதிக் குடுத்தேன். நான் பாவி!”

சபை அல்லேலூயா சொன்னது. மூப்பர் அவரைக் கட்டிக்கொண்டார். பின்வரிசையில் இருந்த என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அழுதது கைக்குட்டை நனையாத அழுகை.

வாசலில் கணவரிடம் கேட்டேன்: “இனியாவது கையெழுத்துப் போடுவீங்களோ?”

“அது ஆண்டவர்ட்ட சொன்னது. ஒனக்கில்ல.”

எங்கள் ஆராதனை ஊரில் இருப்பவர்களுக்காக நேரலையில் போகும். அந்த வீடியோவை ரஹ்மாவுக்கு அனுப்பினேன். “சாட்சி தேடி நாம தெருத்தெருவா அலையுறோம். இந்த மனுஷன் மைக்குலயே சொல்லிட்டாரே அக்கா!” என்று சிரித்தார்.

உயர் நீதிமன்றம் என்னை அனுப்பத் தடை விதித்தது. கணவரின் கையெழுத்தில்லாமலே வீசாவைப் பரிசீலிக்கச் சொன்னது. வீசா வந்தது. மகள் என்னோடு இருக்கிறாள். “ஆண்டவர் பெரியவரும்மா” என்றார் மூப்பர். ஆமாம், ஆண்டவர் பெரியவர்.

இப்போது என்னைப் போல் மாட்டிக்கொண்ட தாய்மாரை ரஹ்மாவிடம் நானே அழைத்துப் போகிறேன். சகோதரிகளே, முழங்காலில் நில்லுங்கள், அவர் கேட்கிறார். பிறகு எழுந்து வக்கீலிடம் போங்கள். நடுவில் மூப்பர் வீட்டில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

தேர்தலில் என் கணவர் ஜெயித்தார். ஞாயிறுதோறும் காணிக்கைப் பை ஏந்தி வருகிறார். என் வரிசையில் மட்டும் தலை நிமிர்வதில்லை. நான் நன்றியோடு போடுகிறேன். அது ஆண்டவருக்கு. அவருக்கில்லை.