மாமா உட்கார்ந்து பார்த்து வாங்கிய பெட்டி

நகரியில் அக்கா வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெட்டி இருக்கிறது. முதல்முறை வருகிறவர்கள் பழைய வாஷிங் மெஷின் என்று நினைத்துக்கொள்வார்கள். மேலே எப்போதும் ஒரு துண்டு மடித்துப் போட்டிருக்கும். துண்டை எடுத்தால், மேல்பலகையில் ஒட்டிய ரெக்சின் தேய்ந்து போய் உள்ளே இருக்கும் பிளைவுட் தெரியும். ஓர் ஆள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து தேய்த்த இடம் அது. உள்ளே இருப்பது பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர். ஊரில் எல்லோரும் ஸ்பீக்கரைக் காதால் கேட்டுப் பார்த்து வாங்குவார்கள். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, உட்கார்ந்து பார்த்து வாங்கினார்.

மாமாவுக்குப் பகலில் பவர்லூம், சாயங்காலம் பேஸ் கிட்டார். சித்தூர், திருப்பதி, பாகாலா என்று கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிற ஒரு மெல்லிசைக் குழுவில் அவர் பேஸ் வாசித்தார், நான் பாடினேன். நான் பாடப் போவதற்கு என் அப்பா, நைனா, ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "மாமா கூட வந்தா போ, இல்லன்னா வூட்லயே பாடிக்கினு கெட." ஆகவே மாமாவுக்குக் குழுவில் இடம் இருக்கிறவரைதான் எனக்கும் மேடை. அந்த நாளில் பாட்டு ஒன்றைத் தவிர எனக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. மேடை போய்விட்டால் செத்தே போவேன் என்று நிஜமாகவே நம்பினேன்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் காது போய்க்கொண்டிருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. தறி ஓடுகிற வீட்டில் யார் வாயைத் திறந்து பேசுகிறார்கள்? கொட்டகையில் நிற்கிறவரிடம் விரலைக் குவித்து வாயருகே காட்டினால் சோறு துன்ன வா என்று அர்த்தம். கட்டைவிரலைச் சாய்த்தால் டீ. இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதான். இப்படி ஒரு வீட்டில் காது கேளாத மனிதர் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளாமல் குடும்பம் நடத்தலாம். ஒருநாள் கரண்ட் போய் தெருவே ஓய்ந்திருந்தது. டீயை எடுத்துக்கொண்டு போய் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். நூலை முடிந்துகொண்டே இருந்தார். என் நிழல் தறிமேல் விழுந்த பிறகுதான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "அக்காகிட்ட சொல்லாத பாப்பா" என்றார்.

அக்காவுக்குத் தெரியாமல் திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். தறிச் சத்தத்தால் வந்தது, திரும்பி வராது என்றார் அவர். மெல்லிய, உச்சமான ஒலிகள் முதலில் போகும், கனத்த ஒலி கடைசியில் போகும் என்றும் சொன்னார். கனத்த ஒலி கடைசியில்தான் போகும் என்பதை மட்டும் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பேஸ் கிட்டார் கனத்த ஒலிதானே! அப்போது எனக்கு அது நல்ல செய்தி.

குழுவில் வேறொரு தொல்லை இருந்தது. மாமாவின் கிட்டாரை நேராக மிக்ஸரில்தான் சொருகுவார்கள். சத்தமெல்லாம் ஜனங்களைப் பார்த்து வைத்த ஸ்பீக்கரில் போய்விடும், மேடையில் இருக்கிறவருக்கு ஒன்றும் வராது. எங்கள் லீடர் கீபோர்டு வாசிக்கிறவர். இந்தக் காலத்தில் பேஸைக் கீபோர்டிலேயே இடது கையால் வாசித்துக்கொள்கிறார்கள் என்று இரண்டொரு தடவை பொதுவாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோதெல்லாம் நான் அடுத்த பாட்டைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றுவேன்.

அப்போதுதான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற பழைய வால்வு ஆம்ப் ஒன்று கிடைத்தது. கோலார் தங்கவயலில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து, குடுபல்லியில் இருக்கும் மாமாவின் தம்பி வாங்கி அனுப்பினார். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். சுவிட்சைப் போட்டால் பின்பக்கம் குண்டு குண்டாக வால்வுகள் சிவந்து எரியும். "எரியறது கண்ணுக்கே தெரியுது பார், காதே வாணாம்" என்று மாமா சிரித்தார். ஆனால் அது வெறும் தலை, உடம்பு கிடையாது. ஸ்பீக்கர் பெட்டி இல்லாமல் வால்வு ஆம்பை ஓடவிட்டால் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். கண்ட பெட்டியையும் மாட்ட முடியாது. ஆம்பின் முதுகில் மின்தடை எட்டு ஓம் என்று எழுதியிருந்தால் பெட்டியும் எட்டு ஓமாக இருக்க வேண்டும். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான்.

திருப்பதியில் வாத்தியக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தமிழையும் தெலுங்கையும் கலந்தே பேசினார். "முதல்ல ஓம்ஸ் சூடு அண்ணா, ஓம்ஸ் பாரு, அது மேட்ச் ஆவலன்னா எல்லாம் வேஸ்ட்" என்று பொருத்தமான மூன்று பெட்டிகளைக் காட்டினார். முதலாவது, நான்கு பத்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த வெளிநாட்டுப் பெட்டி. மாமா கிட்டாரை மாட்டிக்கொண்டு போய் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது. "அது ஸ்டூல் காது அண்ணா!" என்று, ஸ்டூல் இல்லை என்பதைத் தெலுங்கில் அலறினார். மாமாவுக்கு அதெல்லாம் எங்கே கேட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாலு சுரம் வாசித்து, விலையை என் உதட்டில் படித்துவிட்டு மரியாதையாக இறங்கினார். இரண்டாவது புது மாடல், கையில் தூக்கிப் போகலாம், பார்க்க லட்சணமாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. மாமா உட்கார்ந்ததும் அது வழுக்கிக்கொண்டு போயிற்று. "சத்தமெல்லாம் முன்னால பூட்து, எனக்கு ஒண்ணும் குடுக்கல" என்றார். மூன்றாவது மூலையில் அட்டைப்பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. கலைந்து போன ஏதோ குழுவுக்காகச் சித்தூர் ஆசாரி ஒருவர் செய்தது, தடித்த பிளைவுட், மூலையெல்லாம் அடிபட்டிருந்தது. அதில் உட்கார்ந்து கீழ்த்தந்தியைத் தட்டியதும் மாமாவின் முதுகு நிமிர்ந்தது. என்னைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். இங்கே வருகிறது என்று அர்த்தம். எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையும் அது ஒன்றுக்குத்தான் இருந்தது. கடைக்காரர் எங்களை அனுப்பிவிட்டால் போதும் என்று சீக்கிரமே பில் போட்டுவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையை ஒட்டின அறையில் வைத்துப் பரிசோதித்தோம். அக்கம்பக்கத்து நெசவுக்காரர்கள் எல்லாம் வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் கையை வைத்துப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்கள். இதில் நாங்கள் செய்த மடத்தனம் எங்களுக்குத் தெரியவே இல்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் தறிச் சத்தம் சத்தத்தில் சேர்த்தி இல்லை, அது காற்று மாதிரி. தறி ஓடிக்கொண்டே இருந்தது, நாங்களும் பெட்டி பிரமாதம் என்று முடிவு செய்துவிட்டோம்.

சித்தூர் கல்யாண மண்டபத்தில் முதல் பாட்டிலேயே தெரிந்துபோயிற்று. மாமா குறிப்பிட்ட ஒரு சுரத்தைத் தொடும்போதெல்லாம் பெட்டியின் பின்பலகை கிர்ர் என்று இரைந்தது. எங்கள் தறியில் ஆணி கழன்றால் வருகிற அதே சத்தம். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மாமா ஒருத்தர்தான் ஒன்றும் தெரியாமல், பெட்டிமேல் ராஜா மாதிரி உட்கார்ந்து, வழக்கம்போல என் வாயையே பார்த்தபடி ஆனந்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். நான் பாடிக்கொண்டே லீடரைப் பார்த்தேன். லீடர் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரைகிற பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே அடுத்த அடியைப் பாடினேன்.

லீடர் கீபோர்டை விட்டு எழுந்தார். மாமாவுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, பின்பலகையில் தன் முதுகைச் சாய்த்து அழுத்திக்கொண்டார். இரைச்சல் நின்றது. பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கு முன்னால், பாட்டு முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் ஸ்க்ரூவை முறுக்கினார்கள். நான் அவரிடம் போய் என்னவோ சொல்ல ஆரம்பித்தேன். "தெரியும்மா, ரொம்ப நாளாவே தெரியும்" என்றார். "அண்ணா தாளம் உடல இல்ல? அது போதும்." அன்றைக்கே டிரம்ஸை நகர்த்தி, மாமாவுக்கு டிரம்ஸ்காரரின் கால் தெரிகிற மாதிரி போட்டார். கீபோர்டில் பேஸ் வாசிக்கிற பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. அந்த மனிதரைப் பற்றி அதுவரை நான் நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு ஒரு கும்பிடு போட்டேன்.

அதன் பிறகு பல வருஷம் வாசித்தார். மேடையில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததே இல்லை. ஒரு கண் டிரம்ஸ்காரரின் காலில், ஒரு கண் என் வாயில். "மச்சினி வாயையே பாத்துக்கினு கீறாரு உன் வூட்டுக்காரரு" என்று அக்காவிடம் கேலி செய்தவர்கள் உண்டு. அக்காவும் விடமாட்டாள். "பாக்கட்டும், என் மூஞ்சிய பாத்தா பயந்துகினு தாளத்த உட்ருவாரு" என்பாள். கல்யாணமாகி நான் திருப்பதிக்குப் போனேன், பள்ளியில் பாட்டு டீச்சரானேன். துணை இல்லாமலே மேடைக்குப் போகலாம் என்றானது. அந்த வருஷமே மாமா கிட்டாரை உறையில் போட்டார். நான் அதை வயதின் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

போன அமாவாசைக்கு நகரிக்குப் போயிருந்தேன். அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மாமா அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இப்போது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. என்ன தோன்றியதோ, அலமாரியிலிருந்து வால்வு ஆம்பை இறக்கிப் பெட்டியில் மாட்டினேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. கிட்டாருக்குப் பதில் என் மைக்கைச் சொருகி, அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ரொம்பக் கீழே இறக்கி ஒரு பாட்டுப் பாடினேன். மாமா பேப்பரைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் பலகைமேல் பரப்பினார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னா பாப்பா, ஜல்பு புடிச்சிக்கிச்சா? இப்டி கட்டக் கொரல்ல பாடுற?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதிரில் வந்து உதட்டை அசைத்துக் கேட்டேன். "என் குரல் எப்டி இருக்கும்னு உனக்கு ஞாபகம் இல்லியா மாமா?"

"நீ மேடைக்கு வரும்போதே பொம்பளைங்க கொரலு எனக்குப் பூட்ச்சி. நீ வாயத் தொறந்தா வாசிப்பேன், மூடினா நிறுத்துவேன்." தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி சிரித்தார். "உங்க நைனாகிட்ட சொன்னா உன்ன உட மாட்டாரே."

மெல்லிய ஒலிகள்தான் முதலில் போகும் என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அதில் என் குரலும் சேர்த்தி என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தனக்கு எட்டாத ஒரு பாட்டுக்காக, அந்த மனிதர் மேடை மேடையாக என்னோடு வந்திருக்கிறார்.

"இப்போ கேக்குதா?" என்றேன்.

தான் உட்கார்ந்திருந்த பலகையைத் தட்டிக் காட்டினார். "இங்க கேக்குது. இன்னொண்ணு பாடு."

பாடினேன். அக்கா சமையலறை வாசலில் நின்று, விரலைக் குவித்து வாயருகே காட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாள். மாமா அதைப் பார்க்கவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, கைகளைப் பலகைமேல் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.