தலையில் மெத்தை கட்டிய கார்

கல்யாணப் பெண் வழியில் வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் அத்தையின் சட்டம். எழுபதுகளில் ஒரு நாள் காலை, மாப்பிள்ளை வீட்டாரின் கிறிஸ்தவ சபையில் தாலி கட்டிக்கொள்ள சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நான் போனபோதும் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. நானோ பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திப் பிழைப்பவள். பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

நைனா, அதாவது என் அப்பாவே காரை ஓட்டினார். பழைய அம்பாசடர். பின் சீட்டில் அத்தையும் நானும். கூரைக் கேரியரில் சீர்வரிசைக்கு வாங்கிய புது இலவம்பஞ்சு மெத்தை. அதை நடுவில் மட்டும் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முன் விளிம்பு கண்ணாடிக்கு மேல் தொப்பி போல நீட்டிக்கொண்டிருந்தது.

ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. பூதலப்பட்டு தாண்டி வேகம் எடுத்ததும் கார் முக்க ஆரம்பித்தது. மிதிக்க மிதிக்க இன்ஜின் இரைந்ததே தவிர ஓட்டம் கூடவில்லை. ஸ்டீரிங் வேறு பிடிமானமில்லாமல் ஆடியது. "கார்பரேட்டர்ல தூசி" என்று நைனா ஓரங்கட்டி, பானட்டைத் திறந்து ஊதினார். கிளம்பினால் மறுபடி அதே கதை. பாதிரியாருக்கு மதியம் வேறொரு ஊரில் ஆராதனை. நாங்கள் பிந்தினால் அன்றைக்குக் கல்யாணம் இல்லை.

ஜன்னல் வழியே சாலையோரம் ஓடிய எங்கள் நிழலைப் பார்த்தேன். காரின் தலையில் ஒரு சுவர் நின்றது. கண்ணாடியில் மோதி மேலேறிய காற்று மெத்தையின் முன்பாகத்தைத் தூக்கி நிமிர்த்தியிருந்தது. கார் நின்றால் அது படுத்துவிடும். இறங்கிப் பார்த்த நைனாவுக்கு எப்படித் தெரியும்?

"நைனா, இன்ஜினு நல்லாத்தான் கீது. மெத்ததான் காத்தப் புடிச்சிக்கினு நிக்குது."

"ஊருக்கோம்மா, சும்மா இரு," என்று அத்தை என் முக்காட்டை இழுத்துவிட்டாள். "கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?"

"நான் பேசலன்னா இன்னிக்குக் கல்யாணமே இல்ல, அத்தை."

நைனா காரை நிறுத்தினார். "இன்னா செய்யணும், சொல்லு" என்றார்.

பட்டுப்புடவையோடு இறங்கினேன். மெத்தையைப் பின்னுக்குத் தள்ளி, முன் விளிம்பை அடியில் மடித்து, கயிற்றை முன் பம்பரோடு இழுத்துக் கட்டச் சொன்னேன். முன்பக்கம் தாழ்ந்து சரிவாக இருந்தால் காற்று மேலே வழுக்கிப் போய்விடும். உயரத்தில் நிற்கும் மெத்தையைக் காற்று பின்னுக்குத் தள்ளினால்தான் முன் சக்கரம் லேசாகி ஸ்டீரிங் ஆடும். நைனா தலையாட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டார்.

அதற்குப் பிறகு கார் ஓடிய ஓட்டம் இருக்கிறதே, அத்தைகூட ஜன்னலை இறக்கிக் காற்று வாங்கினாள். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. கோயிலில் பாடகர் குழு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. பாதிரியார் இன்னும் கிளம்பவில்லை.

தாலி ஏறியதும் நைனா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார். மகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அழப்போகிறார் என்று உறவுக்காரப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"மாப்ள, இவ வாய மட்டும் மூட வெக்காதீங்க. நாங்க மூட வெச்சிதான் பாதி வழியில நின்னுட்டோம்" என்றார்.