ரோஸ்மேரியின் வீட்டுக்காரர்

நாச்சிமுத்துவை எவளோ ஒருத்தி டி.வி.யில் "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்லிவிட்டாள். தமிழ்நாடு முழுக்க அதைக் கேட்டது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு வருசங்கள் ஓடியும் அடங்கவில்லை.

எவளோ ஒருத்தி என்பது கோபத்தில் சொல்வது. அவள் பெயர் ரோஸ்மேரி. நாச்சிமுத்துவின் லைன் வீட்டில் கடைசி அறையில் குடியிருந்தவள். திருப்பூரில் வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுச் சொந்தக்காரரையும் வீட்டுக்காரர் என்பார்கள், தாலி கட்டினவனையும் வீட்டுக்காரர் என்பார்கள். லைன் வீட்டுக்குள் இதனால் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. "வீட்டுக்காரர் இன்னும் மோட்டார் போடல" என்றால் அது நாச்சிமுத்து. "வீட்டுக்காரர் குடிச்சுட்டு வந்து படுத்திருக்கார்" என்றால் அது அவளவள் புருசன். குழப்பம் மெட்ராசுக்குப் போய்த்தான் வந்தது.

நாச்சிமுத்து நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கிணறு வற்றி, பருத்தி பொய்த்து, கடைசியில் அந்தப் பருத்திக்காட்டிலேயே வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டார். பேச்சு குறைவு. வாடகை, தண்ணி, கரண்டு, இந்த மூன்றைத் தாண்டி அவர் வாயைத் திறந்தால் அன்றைக்கு மழை வரும் என்பாள் அவர் மனைவி கருப்பாத்தாள். முகமும் அப்படித்தான். கல்யாணப் போட்டோவிலேயே கடன்காரனைப் பார்த்த மாதிரி நிற்பார்.

ரோஸ்மேரி சாத்தான்குளத்துப் பக்கம். கட்டினவன் பம்பாய்க்குப் போனான், போனவன் போனவன்தான். அண்ணன் வீட்டில் மூலையில் உட்கார மாட்டேன் என்று ஒரு பையோடு திருப்பூருக்கு வந்தவள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப் லைட்டுக்குக் கீழே நின்று, ஒவ்வொரு பனியனையும் விரித்து, திருப்பி, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கிறவள் அவள். அதனால்தானோ என்னவோ, வேலை இல்லாத நாளில் அவள் கால் தரையில் பாவாது. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் துணி துவைத்துக் கறிக்குழம்பு வைத்துக் குப்புறப் படுப்பார்கள். இவள் பழைய மொபெட்டை உதைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். சாமளாபுரம் குளத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறதாம் என்று போவாள். காங்கேயத்துக் காளை பார்க்கப் போவாள். மடத்துக்குளம் தாண்டிப் போய், வயலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்று சந்தோசமாகத் திரும்பி வருவாள். வந்ததும் அடங்குவாளா? பாதிச் சோற்றில் எழுந்து அறைக்குள்ளேயே நடப்பாள்.

"ஏக்கா, உனக்குக் கால்ல சக்கரமா, சக்கரத்துல காலா?" என்று பக்கத்து அறை அபிராமி கேட்பாள்.

"ரெண்டும்தான். நின்னா துருப்பிடிச்சிரும்லா."

நாச்சிமுத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை. பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர் மாட்டையும் அப்படித்தான் மேய விட்டவர்.

அந்த வருசம் பொங்கலுக்கு முன்னால் அவர் வீட்டுப் போன் அடித்தது. "மெட்ராஸ் டி.வி.யிலிருந்து பேசறோம், எங்க நிகழ்ச்சிக்குக் கார்டு எழுதிப் போட்ட ரோஸ்மேரி இருக்காங்களா?" ரோஸ்மேரி வந்து பேசினாள். வைத்துவிட்டு, கன்னம் சிவந்து, ஓட்டமாக ஓடிப்போனாள்.

"ஆருங்க போன்ல?" என்றாள் கருப்பாத்தாள்.

"ஆரோ."

"ஆரோன்னா? ஆம்பளையா பொம்பளையா?"

"போன்ல மூஞ்சி தெரியுமா? போய்ச் சோத்தப் போடு."

பொங்கல் விடுமுறையில் திருப்பூர் காலியாகிவிடும். தெற்கத்தி ஆட்கள் பஸ் கூரை வரைக்கும் ஏறிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். லைன் வீடு முழுக்கப் பூட்டு தொங்கியது. விடிந்தும் விடியாமல் நாச்சிமுத்து மோட்டார் போட வந்தபோது ரோஸ்மேரி மொபெட்டில் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். புடவைக்கு மேலே, குளிருக்கு ஒரு பெரிய எக்ஸ்போர்ட் பனியன். அவர் வண்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்குது."

"சரி அண்ணாச்சி."

அவ்வளவுதான் பேச்சு. அவர் மோட்டாரைப் போட்டார். அவள் போனாள்.

பொங்கல் முடிந்து அவள் திரும்பி வந்தபோது முகம் கருத்து, உதடு வெடித்துக் கிடந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மோட்டார் ரூமில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவின் காதில் எல்லாம் விழுந்தது. பவானி கூடுதுறை, மேட்டூர் அணை, திருவண்ணாமலை, செஞ்சிக் கோட்டை, மகாபலிபுரம், அப்புறம் மெட்ராஸ். மொபெட்டில். தனியாக.

"மேட்டூர்ல என்னக்கா பாத்த?"

"தண்ணி பாத்தேன். பாத்துட்டே இருக்கணும்னுதான் போனேன். கொஞ்ச நேரத்துல காலு அரிக்க ஆரம்பிச்சிட்டு. அடுத்தது அடுத்ததுன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருக்கு. செஞ்சியில பாதி மலை ஏறி, மேல என்ன இருக்கோன்னு பாக்காம இறங்கிட்டேன். இறங்கினப்புறம் மேல என்ன இருந்திச்சோன்னு ராவெல்லாம் தூக்கமில்ல."

"தூங்கறதுக்கு எங்க இடம்?"

ரோஸ்மேரி குடத்தை இறக்கி வைத்தாள். "அதைக் கேக்காத. லாட்ஜுல தனிப் பொம்பளைக்கு ரூம் கிடையாதுங்கான். கூட யாருங்கான். வீட்டுக்காரர் எங்கங்கான். பெட்ரோல் போடுதவன் கேக்கான், டிக்கெட்டு கிழிக்கவன் கேக்கான். செக்போஸ்டுல போலீஸ்காரன் பையை அவுத்துப் பாத்துட்டுக் கேக்கான். எங்க போற, எங்க போற, எங்க போற. கடைசியில ஒரு கான்வென்டு வாசல்ல மணியடிச்சு சிஸ்டர்மார்ட்ட படுத்தேன். அவியளும் கேட்டாவ, ஆனா சோறு போட்டுட்டுக் கேட்டாவ."

"டி.வி.க்காரங்க?"

"ஏசின்னா அப்படியொரு ஏசி. நான் இந்தப் பனியனைக் கழட்டவே இல்ல. முன்னால இங்கிலீசு எழுத்து இருக்கு, கேமராவுல வரக்கூடாதுன்னு உள்பக்கத்தைத் திருப்பிப் போடச் சொல்லிட்டாவ. தையலெல்லாம் வெளிய தெரிய உக்காந்து பேசினேன். ஊர் சுத்துறது சுகமா, வீட்டுல இருக்கது சுகமான்னு பேச்சு. பாருங்க, ஞாயித்துக்கிழமை போடுதாவ."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லைன் வீடே நாச்சிமுத்து வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. கருப்பாத்தாள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். நம்ம ஊட்டுப் பிள்ளை டி.வி.யில் வருகிறாள் என்று அவளுக்கும் பெருமைதான். திரையில் ரோஸ்மேரி வந்தாள். பனியன் தையலைப் பார்த்துச் சிரித்தார்கள். கோட்டுப் போட்ட நிகழ்ச்சி நடத்துனர் மைக்கை நீட்டினார்.

"தனியா, ஒரு மொபெட்ல, திருப்பூர்லேருந்து சென்னை வரைக்கும்! உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"எங்க வீட்டுக்காரரா? நாச்சிமுத்துன்னு பேரு. மூஞ்சி எப்பவும் வேப்பங்கொழுந்த மென்ன மாதிரிதான் இருக்கும் சார். ஆனா இத்தனை வருசத்துல ஒருநாளும் எங்க போறன்னு கேட்டதில்ல. பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்குன்னாவ. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல."

டி.வி.க்குள் கைதட்டல். "இப்படி ஒரு கணவர் யாருக்குங்க கிடைப்பாங்க! நாச்சிமுத்து சார், உங்களுக்கு ஒரு சல்யூட்!" என்று நடத்துனர் நெற்றியில் கையை வைத்தார். உடனே சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

கருப்பாத்தாள் எழுந்து டி.வி.யை நிறுத்தினாள்.

"கேட்டீங்களா. சல்யூட்டாமா."

ரோஸ்மேரி துள்ளி எழுந்தாள். "ஐயோ, அதுக்கப்புறம் சொன்னேன்லா! அவிய எனக்கு வீட்டு ஓனரு, நான் வாடகைக்கு இருக்கேன்னு! எல்லாரும் சிரிச்சாவளே! அந்த இடத்தை எங்க காணோம்? அண்ணாச்சி, சத்தியமா சொன்னேன். அறுத்துட்டாவ!"

"அறுக்கறவன் மொத்தத்தையும் அறுத்திருக்கோணும்" என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து துண்டை உதறிக்கொண்டு வெளியே போனார். போயிருக்கக் கூடாது. டீக்கடையில், முறைக்கு மச்சான் ஆகிற ஈஸ்வரமூர்த்தி காத்திருந்தார்.

"ஏனுங் மாப்ளே, லைன் ஊடு கட்டறேன்னுதானே சொன்னீங்க? அதுல ஒண்ணு சின்ன ஊடுன்னு சொல்லவே இல்லீங்களே!"

கடையே சிரித்தது. அவர் டீயைக் குடிக்காமல் திரும்பினார். பிறகு எங்கே போனாலும் இதே பேச்சு. அரிசி மில்லில் ஒருத்தன் சல்யூட் அடித்தான். கோயில் கும்பாபிசேகத்தில் ஒருத்தன், "வாங்க, எங்க போறீங்கன்னு நாங்க கேக்க மாட்டோமுங்க" என்றான். மகளைக் கட்டிக் கொடுத்த பல்லடத்துச் சம்பந்தி போன் பண்ணி, "ஒண்ணுமில்லீங்க, ஊர்ல நாலு பேர் ஒரு மாதிரி பேசறாங்க, அதான் கேட்டுக்கலாம்னு" என்று பணிவாக இழுத்தார். அந்தப் பணிவுதான் அவரைக் கொன்றது. எல்லோரும் சிரித்தது அந்த ஒரு வார்த்தைக்கு. எங்க போறன்னு கேக்காத மனுசனாம். கேக்காததால் வந்த வினை என்று அவர் மனதில் பதிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ரோஸ்மேரி மொபெட்டை வெளியே தள்ளினாள். நாச்சிமுத்து கேட்டில் நின்றார். குழாயடியில் எல்லோரும் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படியாகவே கேட்டார்.

"அம்மிணி, எங்க போற?"

அவள் வண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சின்னதாகிப் போனது.

"கடைக்கு அண்ணாச்சி."

ஊருக்குப் போகிற பையைக் கட்டிக்கொண்டு கடைக்கு. பொய் என்று அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்பார், அவள் கடைக்கு என்பாள். அவளை மட்டும் கேட்டால் மறுபடி பேச்சு வரும் என்று லைன் வீட்டில் எல்லாப் பெண்களையும் கேட்க ஆரம்பித்தார். கேட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் இடுப்பில். வெள்ளனே கிளம்ப வேண்டுமானால் அவரை எழுப்பி, எங்கே என்று சொல்லி, சாவி வாங்க வேண்டும். ரோஸ்மேரி ஒருமுறை எழுப்பினாள். இரண்டாவது முறை எழுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அறைக்குள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சுவருக்குச் சுவர். மொபெட் மேல் தூசி படிந்து, கோழி ஏறி உட்கார்ந்தது.

அந்த நடையை நாச்சிமுத்துவால் கேட்க முடியவில்லை. மதியத் தூக்கம் போயிற்று. "அந்தப் பொம்பளையச் சும்மா உக்காரச் சொல்லு" என்றார் மனைவியிடம்.

"நானா பூட்டி வெச்சிருக்கறேன்?" என்றாள் கருப்பாத்தாள். அவள் கோபம் ஆடிக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. சல்யூட் அடித்தவர்களும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். இவர்தான் விடவில்லை.

அமெரிக்காவில் பேங்க் திவாலானதுக்கு இங்கே பனியன் கம்பெனியில் ஆர்டர் நின்றது. ஓவர்டைம் போயிற்று, பிறகு ஆட்களும் போனார்கள். ரோஸ்மேரிக்கும் கணக்கு முடித்துவிட்டார்கள். வீட்டைக் காலி செய்கிறேன் என்று அவள் வந்து சொன்னபோது அவள் முகத்தில் துக்கம் இல்லை. அது அவருக்கு என்னவோ செய்தது.

கிளம்புகிற அன்று மொபெட்டைத் துடைத்து, தகரப் பெட்டியைப் பின்னால் கட்டியிருந்தாள். பழைய பனியனைப் புடவைமேல் போட்டிருந்தாள், இந்த முறை எழுத்து வெளியே தெரிய. அறைச் சாவியை அவர் கையில் கொடுத்தாள். கருப்பாத்தாள் ஒரு தூக்குப்போசியில் புளிச்சோறு கட்டிக் கொண்டுவந்து வண்டியில் மாட்டினாள்.

"சாத்தான்குளத்துக்கா போற கண்ணு?"

ரோஸ்மேரி சிரித்தாள். கருப்பாத்தாள் புருசனைப் பார்த்தாள். "தெனமும் கேப்பீங்களே, இன்னைக்குக் கேளுங்களே. இனி எங்க தேடறது அவளை?"

அவருக்கும் கேட்க வேண்டும் போல்தான் இருந்தது. இந்த ஒருமுறை ஊருக்காக இல்லை. உண்மையிலேயே தெரிய வேண்டும். கேட்டைத் திறந்துவிட்டு நின்றார். வாயைத் திறந்தார்.

ரோஸ்மேரி அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று குறுக்கே பேசினாள்.

"வழியெல்லாம் ஆள் நிக்கான் அண்ணாச்சி, எங்க போறன்னு கேக்கதுக்கு. நீங்க எனக்கு ஒண்ணு செய்யுங்க. பின் டயர்ல காத்து இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."