கணக்கு டீச்சருக்கு வெற்றிடம் இல்லை

எங்கள் பாடசாலையின் ஆளணிப் படிவத்தில் கணிதம் என்ற வரிக்கு நேரே மூன்று கட்டங்கள் உண்டு. தேவை ஒன்று, கடமையில் உள்ளோர் ஒன்று, வெற்றிடம் பூச்சியம். நான் அங்கே வரலாறு கற்பிக்கப் போன நாளிலிருந்து அந்த மூன்று எண்களும் மாறவில்லை. கடமையில் உள்ளவராகக் காட்டப்பட்ட ஜெயரூபன் சேரை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. பெயர் எங்களிடம் இருந்தது, ஆள் பதுளையில் ஒரு பெரிய பாடசாலையில் இருந்தார். இதற்குக் கல்விக் காரியாலயத்தில் ‘இணைப்பு’ என்று பெயர். நோயாளித் தாயாரை வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று மூன்று மாதத்துக்கு வாங்கிய இணைப்பு, நீடித்து நீடித்து ஒன்பது வருடமாகிவிட்டது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தாயைப் பார்க்கத்தானே போனார்.

கணக்கைக் கற்பித்தவர் விஜயலெட்சுமி டீச்சர். அவருடைய பெயர் எந்தப் படிவத்திலும் கிடையாது.

ஹல்துமுல்லைக்கு மேலே, எங்கள் பாடசாலைக்குக் கீழே இருக்கிற தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அப்பா அழகர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க அந்தத் தோட்டத்திலிருந்து போன முதல் பெண் இவர்தான். பக்கத்தில் எங்கும் அந்தப் பிரிவு இல்லாததால் இரண்டு பஸ் மாறி டவுனுக்குப் போய்ப் படித்தார். மூன்று பாடத்திலும் சித்தியடைந்தார், ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. கல்யாணம் நடந்தது, கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றார். ஜெயரூபன் சேர் போன கையோடு எங்கள் அதிபர் அந்தோனி சேர் லயத்துக்கே நடந்துபோய், “ரெண்டு மாசத்துக்கு மட்டும் புள்ளைங்களப் பாத்துக்கம்மா” என்று கேட்டார். டீச்சர் மறுநாள் காலை ஏழரைக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஒன்பது வருடம்.

சம்பளம் இல்லாத தொண்டர் ஆசிரியர் என்றதும் சாந்தமான, தியாகம் நிறைந்த ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். விஜயலெட்சுமி டீச்சருக்கு மூக்கு நுனியில் கோபம். பெருக்கல் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையைவிட, தெரிந்ததுபோல நடிக்கிற பிள்ளை மீதுதான் அதிகம் எரிந்து விழுவார். நிரந்தர நியமனம் வேண்டும் என்பதையும் ஒளித்துப் பேசமாட்டார். “எனக்குச் சேவையெல்லாம் ஒன்னும் வேணாங்க, வேலதான் வேணும்” என்று ஆசிரியர் அறையில் பச்சையாகவே சொல்வார். அப்படிச் சொன்னவர்தான் ஞாயிற்றுக்கிழமையும் பதினோராம் தரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

நியமனம் இல்லாதவர் வகுப்பெடுக்க அனுமதி வேண்டும். அந்தோனி சேர் ஆரம்பத்தில் ஒரு தடவை எழுதிக் கேட்டார். ‘கணித ஆசிரியர் ஆளணியில் உள்ளமையால் தொண்டர் ஆசிரியருக்கான தேவை எழவில்லை’ என்று பதில் வந்தது. அதை எழுதியவரிடம் எங்கள் வகுப்பறை இருக்கவில்லை, படிவம்தான் இருந்தது. அந்தோனி சேர் பயந்த சுபாவம். திரும்பக் கேட்கவில்லை, டீச்சரை நிறுத்தவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

தொழிற்சாலைச் சந்தியிலிருந்து பாடசாலைக்கு வர எட்டு வளைவு, வாகனத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். காரியாலய வாகனம் சந்தியில் திரும்பினால் அங்கிருக்கிற கடைக்காரர் போன் அடிப்பார். உடனே நான் வரலாற்று வகுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பதினோராம் தரத்துக்கு ஓடி, கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். விஜயலெட்சுமி டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குப் போவார். அங்கே பிள்ளைகளின் பகலுணவைச் சமைக்கிறவர் கருப்பம்மா. சமைக்கிறவர்கள் வெள்ளை ஏப்ரனும் தொப்பியும் போட வேண்டும் என்று விதி இருந்தது. ஒரு சோடி மேலதிகமாக ஆணியில் தொங்கும். அதுதான் டீச்சருடையது.

“வாங்க கணக்கு டீச்சர், வந்து இந்த வெங்காயத்த எண்ணுங்க” என்பார் கருப்பம்மா.

“எண்ணுறேன், நீங்க உப்பக் கொஞ்சம் அளந்து போடுங்க” என்பார் இவர்.

சிரிப்பாகத்தான் இருந்தது. வருடத்துக்கு நான்கு ஐந்து தடவை நடந்தபடியால் எங்களுக்குப் பழகியும் போய்விட்டது. கணித பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் நப்ரீஸ் சேர் ஒரு தடவை வந்து, டீச்சர் கையாலேயே சோறும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டார். பாடசாலைக்கு வருகிற அதிகாரிகள் கண்டதை எழுதிவைக்கிற சம்பவத் திரட்டுப் புத்தகத்தில், பகலுணவு சுத்தமாகவும் சுவையாகவும் இருந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார். போகும்போது மட்டும், “கணக்கு யாரு எடுக்கிறது?” என்று கேட்டார்.

“நாங்க எல்லாருமா சமாளிக்கிறோம் சேர்” என்றார் அந்தோனி சேர்.

“சமாளிச்சா பதினாலு பேர்ல பதினொரு பேர் பாஸா?” என்று நப்ரீஸ் சேர் என்னைப் பார்த்தார். என் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. கணக்குக்கும் எனக்கும் எட்டாம் வகுப்பிலேயே பகை.

போன வருடம், தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கப் போவதாக அறிவித்தல் வந்தது. வயதெல்லை நாற்பது. டீச்சருக்கு முப்பத்தெட்டு. இதற்கு முந்திய அறிவித்தல் வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது, அப்போது மகளைப் பெற்ற உடம்போடு அவரால் போக முடியவில்லை. ஆகவே இந்தத் தடவை விட்டால் அநேகமாக இனி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கற்பித்த அனுபவத்துக்கு வருடத்துக்கு ஒரு புள்ளி. அதிபர் உறுதிப்படுத்திக் கடிதம் தர வேண்டும்.

அந்தோனி சேர் அந்தக் கடிதத்தை நான்கு நாள் எழுதினார். டீச்சர் கணிதம் கற்பித்தார் என்று எழுதினால், ஒன்பது வருடமாகத் தான் அனுப்பிய படிவமும் அதிகாரிகளிடம் சொன்னதும் பொய் என்றாகும். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. கடைசியில், ‘பாடசாலையின் பல்வேறு பணிகளில் தொண்டர் அடிப்படையில் உதவி வந்துள்ளார்’ என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் புத்தகத்தோடு ஓடிப்போய் நின்றவன் நான்தான்.

நேர்முகப் பரீட்சை பதுளையில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழுவில் நடுவில் இருந்தவர் நப்ரீஸ் சேர். கடிதத்தைப் படித்தார், டீச்சரை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி கடிதத்தைப் படித்தார்.

“நீங்க அந்த ஸ்கூல்ல சாப்பாடு சமைக்கிறவங்கதானே?”

விஜயலெட்சுமி டீச்சர், “ஆமாங்க சேர்” என்றார்.

ஏன் அப்படிச் சொன்னீங்க என்று பிறகு நான் கேட்டேன். “இல்லன்னு சொல்லியிருந்தா அந்தோனி சேர் பொய்யராயிடுவாரு. லயத்துக்கு வந்து என்னயத் தேடிக் கேட்ட மனுசன் அவரு ஒருத்தருதான்” என்றார்.

அதற்குப் பிறகு, ஐந்து நிமிடம் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். நேர்கோட்டின் படித்திறன், அதாவது அதன் சாய்வு. டீச்சர் பலகையில் ஒரு மலையை வரைந்து, கொழுந்துக்கூடையோடு ஒரு பெண் பத்து எட்டு நேரே போனால் எத்தனை எட்டு மேலே ஏறுவாள் என்று தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் முடித்தபோது, குழுவில் இருந்த ஓர் அம்மா தன்னை அறியாமல் கொப்பியில் அந்தக் கணக்கைச் செய்துகொண்டிருந்தாராம். பாடம் நடத்தியதற்கு முழுப் புள்ளி. அனுபவத்துக்குப் பூச்சியம். பெயர்ப் பட்டியல் வந்தபோது மூன்று புள்ளியால் தவறியிருந்தது.

அந்தோனி சேர் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். டீச்சர் முதலாம் பாடவேளைக்குப் போய்விட்டார். அன்றைக்கு வகுப்பில் யாருக்கும் ஏச்சு விழவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதுதான் அவர்களுக்குப் பயமாக இருந்ததாம்.

பதினோராம் தரப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்திக் கடையிலிருந்து போன் வந்தது. நான் வழக்கம்போல ஓடினேன். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், வண்டி வருது.”

“வரட்டுங்க.”

“அந்தோனி சேர் உங்கள...”

“அவருக்காக ஒரு தடவ சொல்லிட்டேன் சேர். இனிமே அவரு சொல்லட்டும்” என்றார். எழுதுவதை நிறுத்தவில்லை. நான் வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

வாகனத்திலிருந்து நப்ரீஸ் சேர் தனியாகத்தான் இறங்கினார். அதிபர் அறைக்குப் போகாமல் நேரே பதினோராம் தரத்துக்கு வந்தார். பின்வரிசையில் நிலக்ஷனா என்ற பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அதில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடமும் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரும் அவர் பக்கம் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குச் சரியான ஏச்சு விழுந்தது.

மணி அடித்ததும் அதிபர் அறையில் நால்வரும் நின்றோம். நப்ரீஸ் சேர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். கடைசியில் அந்தோனி சேர் பேசிவிட்டார்.

“ஒம்பது வருஷமா இவங்கதான் சேர் கணக்கு. சமையலுக்குன்னு சொன்னது நாந்தான். அவங்களுக்கு அதுல ஒன்னும் இல்ல.”

“அன்னைக்கு மலைய வரைஞ்சப்பவே எனக்குத் தெரிஞ்சிட்டு” என்றார் நப்ரீஸ் சேர்.

எனக்குப் பொறுக்கவில்லை. “தெரிஞ்சிட்டும் ஏன் சேர் பூச்சியம் போட்டீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“காகிதத்துல இல்லாததுக்கு நான் எப்படிப் புள்ளி போடுறது? அதுக்குத்தான் வந்திருக்கேன்.” பேனாவை எடுத்தார், எழுதாமல் டீச்சரைப் பார்த்தார். “டீச்சர், நான் பாத்தத எழுதினா உங்களுக்கு அது அத்தாட்சி. நாப்பது ஆகுறதுக்குள்ள இன்னொரு தடவ ஆள் எடுத்தா, யாரும் உங்களுக்குப் பூச்சியம் போட ஏலாது. ஆனா அனுமதி இல்லாத ஒருத்தர் வகுப்பு எடுக்கிறதப் பாத்தேன்னு எழுதினா, நிறுத்தணும்னும் நான் எழுதணும். ஒன்ன எழுதி மத்தத விட ஏலாது.”

“ஜெயரூபன் சேர் வருவாரா?” என்று டீச்சர் கேட்டார்.

“கடிதம் அனுப்புவேன். எத்தன நாள் எடுக்கும்னு தெரியாது. பரீட்சைக்கு முந்தின்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“எழுதலன்னா?”

“நான் இந்தப் பக்கம் வரல்ல. நீங்க சமையல்.”

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கருப்பம்மா பருப்புக்குத் தாளிக்கிற வாசம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். பிள்ளைகளுக்காக அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை. நியமனத்தோடு இருக்கிற எனக்கு அப்படி ஆசைப்படுவது லேசு.

“எழுதுங்க சேர்” என்றார் விஜயலெட்சுமி டீச்சர். “எம்பேர முழுசா எழுதுங்க.”

நப்ரீஸ் சேர் எழுதினார். பதினோராம் தரத்துக்குக் கணித பாடம் அழகர் விஜயலெட்சுமி என்பவரால் மிகச் சிறப்பாகக் கற்பிக்கப்படுவதை அவதானித்தேன். ஒன்பது வருடமாக இவரே கற்பித்து வருவதாக அதிபர் கூறினார். அனுமதி பெறாதவராகையால் நாளை முதல் இவரை வகுப்பறையில் ஈடுபடுத்துதல் ஆகாது. பாடசாலையில் கணித ஆசிரியர் உண்மையில் இல்லை. திகதி, கையெழுத்து, முத்திரை.

டீச்சர் நின்றபடியே அதைப் படித்தார். அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று உறுதிப்படுத்தித் தரும்படி அதிபரிடம் கேட்டார். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

“நாளைக்கிருந்துதானே சேர்? இன்னைக்கு எனக்கு ரெண்டு பாடவேள இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் பின்னால் போனேன். பிள்ளைகளுக்கு அதற்குள் விஷயம் எப்படியோ தெரிந்திருந்தது. நிலக்ஷனாதான் எழுந்து, “மிஸ், நாளைக்கு என்னா பயிற்சி செய்யிறது?” என்று கேட்டாள்.

டீச்சர் பலகையைச் சுத்தமாக அழித்தார். நாளைக்கு உரிய பயிற்சியின் எண்ணை மேலே இடது மூலையில் எழுதினார். அதன் கீழே நாளை மறுநாளுக்கு உரியது, அதன் கீழே வெள்ளிக்கிழமை. அப்படியே புத்தகத்தின் கடைசிப் பக்கம் வரை, பரீட்சைக்கு முந்திய நாள் வரை, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக இரண்டு பாடவேளையும் எழுதிக்கொண்டே இருந்தார்.